ஏழு மணி பஸ்ஸில் வந்த சீட்டு

மார்ச் 5, காலை

தம்பி பொண்டாட்டிக்கு,

போனில் என் குரலைக் கேட்டால் உனக்கு ஆகாது. "அவரை வளத்தீங்க, சரி அண்ணி. இப்ப அவருக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கா"ன்னு சொல்லி அன்றைக்குப் படாரென்று வைத்தாயே, அதிலிருந்து ஐந்து மாதமாக உன் நம்பரை நான் தொடவில்லை. அதனால் எழுதுகிறேன். எங்கள் டிப்போவின் காலை ஏழு மணி பஸ் பதினொன்றரைக்கு உங்கள் ஊருக்கு வந்துவிடும். டிரைவர் இதை ஆஸ்பத்திரி காவலாளியிடம் கொடுப்பார். பதில் எழுத மனசிருந்தால் அதே பஸ் மூன்று மணிக்குத் திரும்புகிறது.

என் தம்பிக்கு ஆபரேஷன் என்பதை எனக்குச் சொன்னது யார் தெரியுமா? டயர் மாற்றுகிறவர். நேற்று மைக்கைப் பிடித்து பஸ் நேரம் அறிவித்துக்கொண்டிருக்கிறேன், ஜன்னல் பக்கம் வந்து, "என்னக்கா, தம்பிக்கு வயித்துல ஆபரேஷனாமே, நேத்து போய்ப் பார்த்தேன், ஒரே வாந்தி"ங்கிறார். மைக்கை அணைக்க மறந்துபோனேன். பஸ் நிலையம் முழுக்க அது கேட்டது. ஊரே தெரிந்துகொண்ட பிறகு எனக்குத் தெரிகிறது.

எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினாறு. அவன் உடம்பில் எங்கே தொட்டால் எங்கே கூசும் என்பது எனக்குத் தெரியும். நீ வந்து ஒன்பது வருஷம்.

அவனுக்கு என்ன கொடுத்தாய்? எதையாவது வாயில் வைத்தால்தானே வெளியே வரும். அவன் வாந்தி எடுக்கும்போது தட்டைப் பிடிப்பது யார், நீயா, நர்ஸா? அதை மட்டும் எழுது.

அண்ணி


மார்ச் 5, மத்தியானம்

அண்ணிக்கு,

தட்டைப் பிடிப்பது நான். அவரைக்கொட்டை மாதிரி வளைந்த ஸ்டீல் தட்டு. நேற்று மட்டும் ஒன்பது தடவை பிடித்தேன். நர்ஸ் வாங்க வந்தபோதும் கொடுக்கவில்லை. போதுமா?

நான் ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் வயிற்றில் தண்ணீர்கூட இல்லை. பித்தப்பையை நாலு துளை போட்டு எடுத்துவிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றுதான் சொன்னார்கள். அதனால்தான் உங்களுக்குச் சொல்லவில்லை. உள்ளே சீழ் பிடித்திருந்ததால் விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் திறந்துவிட்டார்கள். வலி தாங்காமல் பல்லைக் கடிக்கிறார். வலி ஊசி போடுகிறார்கள். வலி இறங்கி, அப்பாடா என்று கண்ணை மூடுவார். இருபது நிமிஷம் ஆகாது, முகம் வெளுத்து, எச்சில் ஊறி, "தட்டு, தட்டு" என்பார். வெறும் பச்சைத் தண்ணீர். ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் தையல் பிய்வது போலக் கத்துகிறார். வாந்திக்கு ஒரு ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. வலி ஊசியை மாற்றிப் பார்த்தார்கள், அதுவும் அப்படியே.

சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் என்னைக் கேட்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அவருக்குப் பத்தொன்பது வயதில் குடல்வால் ஆபரேஷன் ஆனபோது, டாக்டர் வேண்டாம் என்றதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் பாலில் ரொட்டியை நனைத்து ஊட்டி, அவர் வாந்தி எடுத்துத் தையல் விட்டு, மறுபடி தைத்த கதை எனக்கும் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, "இது டாக்டர் போட்டது இல்ல, எங்க அக்கா போட்டது"ன்னு சிரிப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து வாசலுக்கு எழுந்து போய்விடுவீர்கள். ஒருநாள்கூட அவருக்கு ஒரு கரண்டி பரிமாறியதில்லை. என் சமையல் உங்கள் கண்ணில் படக்கூடாது போல. ஒன்பது வருஷமாக இதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஊசி மயக்கத்தில் ஏதோ முனகுகிறார். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். "அக்கா, நம்ம பஸ் எப்ப?" என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப் பிடிப்பது நான், கூப்பிடுவது உங்களை.


மார்ச் 6, காலை

கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரியை நேற்று நாலு முறை படித்தேன். என்னைத்தான் கூப்பிடுகிறான். ஆயிரம் பேருக்குக் கண் சோதித்துக் கண்ணாடி விற்கிறாய், பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரியவில்லை.

"நம்ம பஸ் எப்ப" என்று ஏன் கேட்கிறான் தெரியுமா? பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுப்பான். பத்தாவது கிலோமீட்டரில் என் மடியில் கவிழ்ந்தால் இறங்கும்வரை எழுந்திருக்க மாட்டான். "இன்னும் எவ்வளவு தூரம்க்கா" என்று கேட்டுக்கொண்டே வருவான். குமட்டும்போதெல்லாம் அவனுக்குப் பஸ் ஞாபகம்தான் வரும். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டானே? கல்யாணமானதும் ஊர் சுற்றிப் பார்க்க ரயிலில்தான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றானாமே, ஜன்னலோரம் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் என்று நீ நினைத்திருப்பாய். புதுப் பொண்டாட்டி முன்னால் வாந்தி எடுக்கக் கூடாதென்று வந்த ஆசை அது. இது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்தது. இப்போது உனக்கும் தெரியட்டும்.

ஈரத்துணியை நெற்றியில் போடாதே, பிடரியில் போடு. தலைக்கு வாசனை எண்ணெய் தடவிக்கொண்டு பக்கத்தில் போகாதே. முதுகைத் தட்டாதே, தட்டினால் இன்னும் வரும். கையை வெறுமனே வைத்துக்கொண்டிருந்தால் போதும்.

ரொட்டிக் கதையை எடுத்தாய். எடு. அது உன் வீட்டுச் சிரிப்பு.

இப்போதும் நீ "வாங்க" என்று எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். அழையாத வீட்டுக்கு நான் வர மாட்டேன்.

அண்ணி


மார்ச் 6, மத்தியானம்

அண்ணிக்கு,

பிடரியில் ஈரத்துணி போட்டேன். "அக்கா" என்றார். துணியை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்துவிடலாமா என்று இருந்தது. எறியவில்லை. மறுபடி நனைத்துப் போட்டேன்.

ஆமாம், எனக்குப் பொறாமைதான். நீங்கள் எழுத்தில் பழித்துக் காட்ட வேண்டியதில்லை. ரயில் விஷயத்தைப் படித்து எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பயணத்தை நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அதிலும் நீங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆனால் சண்டை இருக்கட்டும். பஸ்ஸில் வாந்தி எடுப்பார் என்பதை டாக்டரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத ஏன்மா முதல்லயே சொல்லல? பயணத்துல குமட்டுறவங்களுக்கு இந்த ஊசியும் குமட்டும். ஆபரேஷனுக்கு முன்னாடி கேட்டோமே, எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கான்னு. இல்லவே இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்காரே" என்றார். குடல்வால் ஆபரேஷனில் வாந்தி எடுத்ததைச் சொன்னேன். ரொட்டியால் என்று நாங்கள் எல்லாரும் நினைத்ததால் இவர் அதை மருந்துக் கணக்கில் சேர்க்கவே இல்லை. டாக்டர் சிரிக்கவில்லை. "அப்ப என்ன ஊசி போட்டாங்க, வாந்தி எதுல நின்னுச்சுன்னு தெரிஞ்சா, தேடிக்கிட்டிருக்காம நேரா அதுக்குப் போயிடலாம். பழைய சீட்டு எதாவது இருக்கா?" என்கிறார். எங்களிடம் இல்லை. அந்த ஆஸ்பத்திரியும் இப்போது இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

அவசரம் என்பதால்தான் கேட்கிறேன். இன்று காலையிலிருந்து இவர் வலி ஊசியே வேண்டாம் என்கிறார். "வலிச்சுட்டுப் போகட்டும், இன்னொரு தடவை வாந்தி எடுக்க என்னால முடியாது"ன்னு நர்ஸின் கையைத் தள்ளிவிட்டார். ஊசி இல்லாமல் இருமவே முடியவில்லை. மூச்சை மேலோட்டமாக, நாய்க்குட்டி மாதிரி விடுகிறார். இருமிச் சளியை வெளியே தள்ளாவிட்டால் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் என்கிறார்கள். மத்தியானம் உடம்பு சுடுகிறது.

சீட்டு இருந்தால் நாளை ஏழு மணி பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள்.


மார்ச் 7, காலை

தம்பி பொண்டாட்டிக்கு,

சீட்டு இருக்கிறது. என் தகரப் பெட்டியில், அவனுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு அடியில் இருக்கிறது.

அவனை எனக்கு ஒரு வரி எழுதச் சொல். "அக்கா, வா" என்று இரண்டு வார்த்தை போதும். நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். ஊசி மயக்கத்தில் கூப்பிட்டது கணக்கில் வராது. தெளிந்த புத்தியோடு, உன் கண் முன்னால், அவன் கூப்பிட வேண்டும்.

ஐந்து மாதம் பேசாமல் இருந்தவளுக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு.

அண்ணி


மார்ச் 7, மத்தியானம்

அண்ணி,

காவலாளி கொடுத்த உறையைக் கிழிக்கும்போது உள்ளே சீட்டு இருக்கும் என்று நினைத்தேன். டாக்டர் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அவரால் பேனா பிடிக்க முடியாது. சுரம் நூற்றிரண்டு. வலது பக்கம் நெஞ்சின் அடியில் மூச்சுச் சத்தமே சரியாகக் கேட்கவில்லையாம். மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தை நான் அவரிடம் காட்டவில்லை. உங்களுக்காக அல்ல. படித்தால் அழுவார். அழுதால் தையல் வலிக்கும்.

நீங்கள் ஜெயித்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களுக்குத்தான் சொந்தம், நான் நடுவில் வந்தவள். என் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

சீட்டை அனுப்புங்கள்.


மார்ச் 8, காலை

அம்மாடி,

உறைக்குள் சீட்டு இருக்கிறது. காவலாளியிடம் கொடுக்க வேண்டாம், மாடி ஏறி உன் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். பயணிகள் பத்து நிமிஷம் காத்திருக்கட்டும். யாராவது கேட்டால் என் பேரைச் சொல்லச் சொன்னேன்.

நேற்று நான் எழுதியது மனுஷி எழுதுகிற கடிதம் இல்லை. பொறாமையில் எழுதினேன். அவன் கண்ணைத் திறக்கும்போது எதிரே உன் முகம் இருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு ஆகவில்லை. ஆனால் பொறாமை மட்டும் காரணமில்லை. இன்னொன்று இருக்கிறது.

அந்தச் சீட்டை நான் யாருக்கும் காட்டியதில்லை. நானும் படித்ததில்லை. டாக்டர்கள் கிறுக்கும் இங்கிலீஷ் எனக்குப் புரியாது, புரிந்தவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லத் தைரியமும் வரவில்லை. "அக்காக்காரி ஊட்டியதால் தையல் விட்டது" என்று அதில் எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு என் வேலை முடிந்து நாலு மணிக்குத்தான் வார்டுக்குப் போனேன். கன்னம் ஒட்டிக் கிடந்தான். பசியில் கிடக்கிறான் என்று நினைத்தேன். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் பாலில் நனைத்த ரொட்டியில் இரண்டு வாய் ஊட்டினேன். ஐந்து நிமிஷத்தில் என் புடவை மேலேயே எடுத்தான். ஓங்கரித்து ஓங்கரித்து எடுத்ததில் தையல் விட்டு ரத்தம் வந்தது. டாக்டர் வார்டு நடுவில் நிற்கவைத்து, "நீ அக்காவா, எமனா?" என்று கேட்டார். முப்பது கட்டிலும் என்னைப் பார்த்தது.

அவன் அதைச் சிரிப்புக் கதையாக்கினான். நான் வருத்தப்படக் கூடாது என்றுதான் ஆக்கினான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவை அவன் சட்டையைத் தூக்கும்போதும் எனக்கு அந்த வார்டுதான். அன்றிலிருந்து இருபத்தோரு வருஷமாக அவனுக்கு என் கையால் ஒரு வாய் கொடுத்ததில்லை. சமைத்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். உன் வீட்டிலும் அதனால்தான் வாசலுக்குப் போனேன். உன் சமையலுக்கு ஒரு குறையும் இல்லை. வாசலில் நின்றே வாசனையில் தெரியும்.

டாக்டரிடம் மட்டும் சீட்டைக் காட்டு. அவனிடம் படித்துக் காட்டாதே.

அண்ணி


மார்ச் 10, மத்தியானம்

அண்ணிக்கு,

இரண்டு நாளாக எழுதாததற்கு இரண்டு காரணம். முதல் காரணம் நல்லது. அவர் தூங்கினார், அவர் தூங்கியதால் நானும் கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கினேன்.

டிரைவர் மாடியேறி வந்து சீட்டைக் கொடுத்ததும் டாக்டர் நின்றபடியே படித்தார். அன்றைக்கு இருந்த டாக்டர் வலி ஊசியின் அளவைப் பாதியாக்கி, மீதி வலிக்கு வேறு வகை மருந்து கொடுத்து, ஊசிக்கு முன்பே வாந்திக்கு இரண்டு மருந்தைச் சேர்த்துப் போட்டிருக்கிறார். பேரெல்லாம் இருந்தது. இங்கே டாக்டரும் அதே வழியில் போனார். இவரை ஊசிக்குச் சம்மதிக்க வைக்கத்தான் பெரும்பாடு. "அக்கா அனுப்பின மருந்து" என்றேன். கையை நீட்டினார்.

நான் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. தட்டு காலியாகவே இருந்தது. சாயங்காலம் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு நன்றாக இருமினார். அந்தச் சத்தம் கேட்டு அழுதேன். இன்று சுரம் இல்லை. மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். வராண்டாவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டு அடி நடந்தார்.

இரண்டாவது காரணம் நல்லதில்லை.

நீங்கள் மடித்தபடியே வைத்திருந்த சீட்டின் பின்னால் குண்டூசி குத்திய இன்னொரு தாள் இருந்தது. நர்ஸ் மணி போட்டு எழுதி வைத்தது. டாக்டர் எனக்கு அதைப் படித்துச் சொன்னார். காலை ஆறு மணிக்கு வலி ஊசி. ஆறேகாலுக்கு வாந்தி. பத்து மணிக்கு ஊசி. பத்தரைக்கு இரண்டு தடவை வாந்தி. இரண்டு மணிக்கு ஊசி, இரண்டே காலுக்கு வாந்தி, "தையலில் கசிவு, டாக்டருக்குச் சொல்லியாயிற்று" என்று எழுதியிருக்கிறது. நீங்கள் வந்தது நாலு மணிக்கு.

உங்கள் ரொட்டி அல்ல, அண்ணி. நீங்கள் வார்டுக்குள் கால் வைக்கும் முன்பே தையல் விட ஆரம்பித்துவிட்டது. காலையிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று உங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த டாக்டர் தன் வார்டின் தப்புக்கு ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். கையில் ரொட்டியோடு நீங்கள் நின்றீர்கள்.

இதை எட்டாம் தேதி மத்தியானமே நான் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பஸ் மூன்று மணிக்குப் போவதை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லிவிட்டால் உங்கள் மேல் அவரிடம் ஒரு குறையும் மிஞ்சாது. அந்தத் தழும்பு ஒன்றுதான் உங்களுக்கு எதிராக என்னிடம் இருந்தது. அதையும் கொடுத்துவிட்டு நான் எதை வைத்துக்கொள்வது என்று நினைத்தேன். நேற்றும் அப்படியே போயிற்று. நீங்கள் சீட்டை ஒரு நாள் வைத்திருந்தீர்கள். நான் இரண்டு நாள்.

இன்று காலையில் அவரிடம் படித்துக் காட்டிவிட்டேன். காட்ட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை. அவர் சட்டையைத் தூக்கி அந்தப் பழைய தழும்பைத் தானே பார்த்துக்கொண்டார். "நான் இதக் காட்டிச் சிரிச்சப்பல்லாம் அக்காவும் சிரிச்சுச்சே" என்றார்.

சீட்டு ஒரு நாள் தாமதமானதை மட்டும் நான் சொல்லவில்லை. ஏழாம் தேதி ஏழு மணி பஸ் ரிப்பேர் ஆகிவிட்டது என்று அன்றைக்கே சொல்லி வைத்திருக்கிறேன். அதை நீங்களும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

நாளை மத்தியானம் முதல் சாப்பாடு கொடுக்கலாம் என்கிறார் டாக்டர். மெத்தென்று எதுவானாலும் சரியாம். பாலில் நனைத்த ரொட்டி கொடுக்கலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார். பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துவிடுகிறேன். நீங்கள் வந்து ஊட்டுங்கள். முதல் வாய் உங்களுடையது. இரண்டாவது வாயிலிருந்து என்னுடையது, அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வாங்க அண்ணி. எழுதிவிட்டேன், பாருங்கள்.


மார்ச் 11, காலை

அம்மாடி,

இந்தக் கடிதமும் நானும் ஒரே பஸ்ஸில் வருகிறோம். பிறகு எதற்கு எழுத்து என்று கேட்பாய். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி பஸ் நேரம் சொல்லத் தெரிந்த எனக்கு, நேரில் இதைச் சொல்ல வாய் வராது. அதனால் மாடிப்படியிலேயே உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். நீ படித்து முடித்த பிறகு கதவைத் திற.

நீ இரண்டு நாள் வைத்திருந்ததில் ஒருத்தருக்கும் சுரம் ஏறவில்லை. நான் ஒரு நாள் வைத்திருந்ததில் அவனுக்கு மூக்கில் குழாய் வைத்தார்கள். இரண்டும் ஒன்றில்லை. எனக்காக இரண்டையும் நீ ஒன்றாக்கி எழுதியதைப் புரிந்துகொண்டேன்.

ஏழு மணி பஸ் ரிப்பேர் என்று சொன்னாயாமே! அடி பைத்தியக்காரி, பதினொரு வருஷமாக அந்த பஸ் ஒரு நாளும் நின்றதில்லை. என் தம்பி வரும்போதெல்லாம் அதை அவனிடம் பீற்றிக்கொள்வேன். "உன் பஸ் பெருமைய ஆரம்பிச்சிட்டியாக்கா"ன்னு காதைப் பொத்திக்கொள்வான்.

நீ சொன்னபோது அவன் ஒன்றும் கேட்கவில்லையே? கேட்டிருந்தால் நீ எழுதியிருப்பாய். அப்படியானால் அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் ஊசிக்குக் கையை நீட்டியிருக்கிறான்.

ஸ்பூனைக் கழுவி வை. முதல் வாய் ஊட்டும்போது நீ என் முழங்கையைப் பிடித்துக்கொள்.

அண்ணி